உயர்தரப் பெறுபேறு வந்த வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில், கிழக்கிலங்கையின் படுவான்கரையிலும் சரி, கல்முனை, திருக்கோவில் பக்கங்களிலும் சரி, பிள்ளை கைப்பேசியில் சுட்டெண்ணைப் பதிந்து முடிக்குமுன்பே "என்ன மனே, எத்தின ஏ?" என்று கேட்க அயலவர்கள் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். உயர்தர வகுப்புகளில் நீண்ட காலம் கற்பித்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: குறைந்த பெறுபேற்றைவிட, அது வந்த முதற் சில வாரங்களில் பிள்ளையும் வீட்டாரும் விடுகின்ற தவறுகளே கூடுதலான சேதத்தைச் செய்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாமல் போனதைச் சித்தியடையாமல் போனதாக எண்ணிக்கொள்வது. மூன்று பாடங்களிலும் சாதாரண சித்தியான எஸ் பெற்றவரும் பரீட்சையில் சித்தியடைந்தவரே. பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பயன்படும் இசட் புள்ளி என்பது, ஒருவருடைய புள்ளி அந்தப் பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலால், அதாவது எல்லோருடைய புள்ளிகளும் பரந்திருக்கும் அளவால், அளந்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி கண்டு தரப்படும் எண்ணாகும். சராசரிக்குக் கீழே நின்றால் அது மறைப் பெறுமானமாக வரும். அந்தக் கழித்தல் குறியைக் கண்டு, பிள்ளை எதையுமே படிக்கவில்லை என்று முடிவுகட்டிய தகப்பன்மாரை நான் கண்டிருக்கிறேன். ஒரு கற்கைநெறிக்குத் தெரிவாகத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளியாகிய வெட்டுப்புள்ளியும் அப்படித்தான். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்டச் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதமானவை மட்டக்களப்பு, அம்பாறை உட்படக் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. இருக்கும் இடங்களையும் அந்த ஆண்டு விண்ணப்பித்தோரையும் பொறுத்து மாறுகின்ற ஒரு கோடு, ஒரு பிள்ளையின் ஆற்றலுக்கு எழுதப்பட்ட தீர்ப்பாகிவிடாது.

இந்த மயக்கம் அடுத்த தவறுக்கு வழிவிடுகிறது. துக்கத்தில் அறையைப் பூட்டிக்கொண்டு கிடக்கும் நாட்களில் விடைத்தாள் மீள்பரிசீலனைக்கான இறுதித் திகதி கடந்துவிடுகிறது. பல்கலைக்கழக விண்ணப்பமும் நிரப்பப்படாமலே போகிறது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மாணவி ஒருவர், தன் புள்ளி போதாது என்று தானாகவே முடிவெடுத்து விண்ணப்பிக்காமல் விட்டார். பின்னர் வெளியான வெட்டுப்புள்ளி, அவர் விரும்பிய கற்கைநெறிக்கு அவருடைய புள்ளியைவிடக் குறைவாக இருந்தது. வெட்டுப்புள்ளி விண்ணப்பத்துக்குப் பின்னரே அறிவிக்கப்படுகிறது என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த ஆண்டிலிருந்து, தகுதியுள்ள எல்லோரும் விண்ணப்பித்தே ஆகவேண்டும் என்று வகுப்பில் வற்புறுத்தி வருகிறேன்.

மூன்றாவது, வெட்கத்தைப் போக்குவதற்காகவே மறுமுறை எழுத முடிவெடுப்பது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளே கணக்கில் எடுக்கப்படுவதால் ஒவ்வொன்றும் பெறுமதியானது. ஆனாலும் பலர் அதே குறிப்புகளோடு, அதே ரியூசன் வகுப்பில், இன்னும் நீண்ட நேரம் உட்காருவதையே முயற்சி என்று நினைக்கிறார்கள். எங்கே பிழைத்தது என்று முதலில் அறியவேண்டும். உதாரணமாக, உயிரியலிலும் இரசாயனவியலிலும் முதலாம் வினாத்தாளில் 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு விடையளிக்கவேண்டும். கடந்தகால வினாத்தாள் ஒன்றை மணிக்கூட்டை வைத்துக்கொண்டு எழுதி, தவறிய விடைகளைத் தெரியாதவை, தெரிந்தும் நேரம் போதாதவை, வினாவைப் பிழையாக வாசித்தவை என்று பிரித்துப் பார்த்தால், பாடத்தில் பலவீனம் என்று பயந்திருந்தவர் பலருக்குப் பயிற்சியில்தான் குறை என்பது விளங்கும். எதுவும் தெளிவாகாவிட்டால், உங்களுக்குக் கற்பித்த ஆசிரியரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதில் கேவலம் ஏதுமில்லை.

வேறு வாசல்களை அவமானமாகக் கருதுவதும் பிழையே. கோவில்குளத்திலும் அம்பாறையிலும் உயர் தேசிய டிப்ளோமா கற்கைகள் உண்டு; தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் ஆசிரியர்களை உருவாக்கும் கல்வியியற் கல்லூரிகள் இயங்குகின்றன. இவற்றுக்கும் இறுதித் திகதிகள் உண்டு.

வீட்டாருக்கும் ஒரு சொல். பெரியம்மாவின் மகளோடும் அடுத்த வீட்டுப் பையனோடும் ஒப்பிட்டுப் பேசுவது பிள்ளையைப் படிக்கத் தூண்டும் என்பது நம் ஊர்களில் வேரூன்றிய நம்பிக்கை. பிள்ளை வீட்டாரிடம் பேசுவதையே நிறுத்திவிடுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். முதல் நாள் சாப்பிட வைத்து, அருகில் இருந்தாலே போதும். திட்டங்களை அடுத்த கிழமை பேசலாம். "நான் இருந்து என்ன பயன்" என்று பிள்ளை சொன்னால், அதை அந்த நேரத்துக் கோபம் என்று தள்ளிவிடவே கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவும் இருக்கிறது. அன்றிரவு பிள்ளையைத் தனியே படுக்க விடாதீர்கள்.