வண்ண வைரம்: டெஸ்டர் சொல்லாத சேதி

வைரமா என்று சோதிக்கும் டெஸ்டரின் முனையைக் கல்லில் வைத்து, விளக்கு எரிந்ததுமே "இயற்கை வைரம்" என்று முடிவு கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கல் வெப்பத்தை எவ்வளவு விரைவாகக் கடத்துகிறது என்பதை மட்டுமே அந்தக் கருவி பார்க்கிறது. ஆய்வகத்தில் வளர்த்ததும் வைரமே; அதுவும் தேறிவிடும். வெப்பத்தை மட்டும் பார்க்கும் டெஸ்டரில், வைரம்போல் தெரியும் வேறு கல்லான மாய்சனைட்கூடத் தேறும். வண்ணக் கல்லிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த நிறம் எதனால் வந்தது?

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். இயற்கை மஞ்சள் வைரங்களில் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து சேர்ந்து இருக்கும். பூமிக்கடியில் நெடுங்காலம் சூட்டில் கிடந்ததன் விளைவு அது. ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கை நிறமாலைக்காட்டியில் 415 நானோமீட்டரில் கருங்கோடு தெரிந்தால், கல் மண்ணில் விளைந்தது என்பதற்கு வலுவான அறிகுறி. ஆனால் நிறமும் இயற்கை என்று அந்தக் கோடு சொல்லாது. கதிர்வீச்சு கொடுத்து நிறமேற்றிய இயற்கைக் கல்லிலும் அது இருக்கும். ஆய்வகத்தில் உயர் அழுத்த முறையில் வளர்த்த மஞ்சளில் நைட்ரஜன் தனித்தனியாக நிற்பதால் வழக்கமாகக் கோடு தெரியாது. கோடு இல்லாததாலேயே செயற்கை என்று தள்ளிவிடவும் கூடாது. தனி நைட்ரஜன் கொண்ட வைரங்கள் இயற்கையிலும் அரிதாக உண்டு.

அப்போது லூப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் காந்தமும் கைகொடுக்கும். உடுக்கை வடிவில் நிறம் திட்டுத்திட்டாகப் பிரிந்திருக்கிறதா, கறுப்பாகத் தெரிந்து வெளிச்சம் பட்டதும் உலோகமாய் மின்னும் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துகள், ஆய்வகத்தில் கல்லை வளர்க்கப் பயன்பட்ட இரும்பு, நிக்கல், கோபால்ட் உருக்கின் மிச்சம். நகையில் பதிக்காத கல்லைத் தண்ணீரில் மிதக்கும் தெர்மோகோல் துண்டில் வைத்து நியோடிமியம் காந்தத்தை அருகில் கொண்டுபோனால், துகள் போதிய அளவு இருந்தால் கல் நகரும். நகராவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

புற ஊதா விளக்கில் நீள் அலையான 365 நானோமீட்டரோடு நிறுத்திவிடுவது அடுத்த தவறு. குற்றலையான 254-லும் பார்க்க வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, இருட்டறையில். இயற்கை வைரம் பெரும்பாலும் நீள் அலையில் கூடுதலாக ஒளிரும். உயர் அழுத்த முறைக் கற்கள் பல குற்றலையில்தான் கூடுதலாக ஒளிரும். விளக்கை அணைத்த பிறகும் கல்லைக் கவனியுங்கள். செயற்கை நீலம் பலவும் நீண்ட நேரம் நீலமாய்ப் பின்னொளிரும். ஆனால் பின்னொளிர்வு இருந்தாலே செயற்கை என்று சொல்லிவிட முடியாது. கோல்கொண்டாப் பகுதியில் விளைந்ததாகக் கருதப்படும் 45.52 கேரட் ஹோப் வைரம் சிவப்பாய்ப் பின்னொளிர்கிறது. கல் மின்சாரத்தைக் கடத்துவதும் தீர்ப்பாகாது, இயற்கை நீலத்திலும் செயற்கை நீலத்திலும் பெரும்பாலும் போரான்தான் நிறத்தையும் மின்கடத்தலையும் தருகிறது.

பச்சைதான் மிகக் கடினம். இயற்கைக் கதிரியக்கமும் ஆய்வகக் கதிர்வீச்சும் பச்சை நிறம் தரும் ஒரே வகைச் சேதத்தையே கல்லில் உண்டாக்குகின்றன. அடிமுனையைச் சுற்றிக் குடை விரித்ததுபோல் நிறம் தெரிந்தால் அது சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியின் வேலை. தெரியாவிட்டால் கடையில் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இத்தகைய நகையைப் பற்றவைக்கும் முன் கல்லைக் கழற்றிவிடுங்கள். சூட்டில் பச்சை மாறிவிடும், திரும்பி வராது.

சான்றிதழில் "இயற்கை வைரம்" என்ற வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். நிறத்தின் தோற்றம் தனி வரியில் இருக்கும். சில பச்சைக் கற்களுக்கு, திரவ நைட்ரஜனில் குளிர்வித்துச் சோதித்த ஆய்வகமே அங்கே "தீர்மானிக்க இயலவில்லை" என்று எழுதியிருக்கும். அந்தக் கல்லுக்கு இயற்கைப் பச்சையின் விலையைக் கொடுக்காதீர்கள்.