19ஆம் நூற்றாண்டு அமெரிக்கரின் குடும்ப வேரைத் தேடுவது எப்படி? மானிப்பாய் டொக்டர் கிறீனை வைத்து ஒரு செய்முறை

மருமகனோ மருமகளோ அமெரிக்கராக வந்த குடும்பங்கள் இப்போது நம்மிடையே நிறைய. பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்து வேரையும் காட்ட வேண்டியது நம் கடமை. தேடும் முறையை நமக்குத் தெரிந்த ஒருவரை வைத்தே சொல்கிறேன்: யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்து, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தவர். 1884இல் அதே ஊரில் மறைந்தவர்.

படி 1: குடும்பப் பதிவேடுகளைத் தேட உதவும் ஃபேமிலிசேர்ச் இணையதளத்தில் கணக்குத் தொடங்குங்கள். இலவசம். ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்துக்குச் சந்தா கட்ட அவசரம் வேண்டாம்; அமெரிக்கப் பொது நூலகங்கள் பலவற்றில் காசில்லாமல் பார்க்கலாம். யாரோ ஏற்றி வைத்திருக்கும் குடும்ப மரங்கள் துப்புக்கு உதவும், ஆதாரமாகா.

படி 2: இறப்பில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். மாசசூசெட்ஸ் 1841 முதலே பிறப்பு, திருமணம், இறப்பை மாநில அளவில் பதிந்து வந்தது. அதற்கு முந்தியவற்றுக்கு ஊர்ப் பதிவேடுகள் உண்டு. வூஸ்டருடையது அச்சிலேயே வந்திருக்கிறது. பல மாநிலங்களில் இப்பதிவு 20ஆம் நூற்றாண்டில்தான் ஒழுங்குக்கு வந்தது. அங்கே தேவாலய ஏடு, கல்லறை, பழைய நாளிதழ் என்று போக வேண்டும். நாளிதழுக்கு என் தேர்வு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய நாளிதழ்த் தொகுப்பான குரோனிக்ளிங் அமெரிக்கா.

படி 3: குடிசன மதிப்பீடு. நான் அதிகம் திணறிய இடம் இது, நிதானமாகப் படியுங்கள்.

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்தார்கள். ஆனால் 1850க்கு முன் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். 1840 தாளில் கிறீனைத் தேடினால் அகப்படமாட்டார். தந்தை வில்லியம் கிறீனைத்தான் தேட வேண்டும். 17 வயது மகன் அன்று வீட்டில் இருந்திருந்தால், "15 முதல் 20 வரை" என்ற ஆண்கள் கட்டத்தில் வெறும் எண்ணாகத்தான் இருப்பார்.

அந்தப் பெயரும் முழுதாக இராது. எழுதுபவர்கள் வில்லியமை முதல் எழுத்தும் கடைசி எழுத்துமாக, டபிள்யூ, எம் என்று சுருக்கிவிடுவார்கள். தேடுபெட்டியில் டபிள்யூ போட்டு, நட்சத்திரக் குறி இட்டு, எம் போடுங்கள். முழுப்பெயர், சுருக்கம் இரண்டுமே வந்து விழும். வந்ததும் அட்டவணை வரியோடு நின்றுவிடாதீர்கள், மூலத்தாளின் படத்தைத் திறந்து பாருங்கள். பக்கத்து வீடுகளில் உறவுகள் இருக்கக்கூடும்.

அடுத்த சிக்கல்: 1850, 1870 இரண்டிலும் டொக்டர் இல்லை. 1847இல் கப்பலேறியவர் அந்த இரு ஆண்டுகளிலும் யாழ்ப்பாணத்தில் இருந்தார். இடையில் ஊர் திரும்பி, 1862இல் மணம் முடித்து, மறுபடி மானிப்பாய்க்கு வந்து, பின்பு ஊருக்கே திரும்பிவிட்டார். ஆகவே 1860இலும் 1880இலும் தேடுங்கள். பெயர் இல்லை என்பதற்காக ஆள் இறந்துவிட்டார் என்று எழுதிவிடக் கூடாது. குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பது 1880இல்தான் முதன்முதலாகக் குறிக்கப்பட்டது. அந்தத் தாளை எப்படியாவது பிடியுங்கள். 1890 ஏடுகளை மறந்துவிடுங்கள்; 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தால் பெரும்பகுதி பாழானது.

படி 4: ஆள் கிடைக்காவிட்டால் உடன்பிறப்பைப் பிடியுங்கள். கிறீனின் அண்ணன் ஆண்ட்ரூ, நியூயார்க் சென்ட்ரல் பார்க் உருவாக முன்னின்றவர். அவரைப் பற்றி எழுதியவர்கள் பெற்றோரையும் குறித்திருக்கிறார்கள்.

பின்சேர்க்கை: மருமகள் ஆப்பிரிக்க அமெரிக்கர், இதே வழி சரிவருமா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். 1870 வரை பின்னோக்கி வரும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் மதிப்பீடு அது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டுமே. அவர்களுக்கென்று ஒரு பெயர் எழுதக்கூட மனம் வரவில்லை. பார்க்கப் பார்க்க நெஞ்சு கனக்கும். அங்கே நின்றுவிடாமல் ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் பதிவேடுகளுக்குப் போங்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய வங்கி அது. கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் பெயரைக் கேட்டு எழுதிய பக்கங்கள் பல அதில் உண்டு, ஃபேமிலிசேர்ச்சிலேயே தேடலாம்.