நற்கருணைப் பாத்திரம் பரிமாறும்போது

ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையில், நற்கருணையில் பாத்திரம் பரிமாறும் விசுவாசிக்குப் பேராயரின் உரிமம் வேண்டும். குருவானவர்தான் அதைக் கேட்டு வாங்கித் தருவார்.

பாத்திரத்தில் பாதிக்கு மேல் திராட்சரசம் வேண்டாம், தளும்பும். ஒரு கையால் தண்டையும் மறு கையால் அடிப்பாகத்தையும் பிடியுங்கள். "கிறிஸ்துவின் இரத்தம், இரட்சிப்பின் பாத்திரம்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத் தாழ்த்துங்கள். முழங்காலிட்டிருப்பவர் அடிப்பாகத்தைத் தொட்டுத் தானே சாய்க்கட்டும். நீங்களாகச் சாய்த்தால் மோவாயில் வழியும். ஒவ்வொருவர் பருகியதும் வெள்ளைத் துணியால் விளிம்பை உள்ளும் புறமும் அழுத்தித் துடைத்து, பாத்திரத்தைக் கால்வட்டம் திருப்புங்கள். துணியின் ஈரமான பகுதியையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு, மடிப்பை மாற்றுங்கள். உதட்டுச்சாயம் ஒரே துடைப்பில் போகாது.

துளி தரையில் விழுந்தால் யாரும் மிதிக்குமுன் துணியால் ஒற்றுங்கள். மிஞ்சிய ரசத்தைப் பயபக்தியோடு பருகிவிட வேண்டும், சாக்கடைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. துணியின் முதல் அலசல் நீரும் மண்ணுக்கே போகட்டும்.