சொந்த ஊரையே ஆய்வேடாக எழுதப் போகிறவர்களுக்கு

முதுகலைச் சமூகவியல் இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுக்கு மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரையே எடுத்தேன். ‘கிராமத்தில் சாதியும் ஏற்றத்தாழ்வும்’ என்று தலைப்பு வைத்து ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன், ஒரு பத்திகூட நகரவில்லை. அப்புறம் ஒரே கேள்வியாகச் சுருக்கினேன்: அறுப்பு மிஷின் வந்த பிறகு, வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வருஷத்தில் எத்தனை நாள் கூலி கிடைக்கிறது? நீங்களும் இப்படி எண்ணிப் பார்க்கக்கூடிய கேள்வியாக எடுங்கள்.

அடுத்தது, யாரோடு போகிறீர்கள் என்பது. எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது சுமார் மூன்று ஏக்கர். முதல் நாள் அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, வயல் கூலிக்குப் போகிறவர்கள் இருக்கும் தெற்குத் தெருவுக்குப் போனேன். எனக்கு நாற்காலி போட்டார்கள், அவர்கள் நின்றார்கள். “ஒரு குறையும் இல்லம்மா” என்று ஒன்பது பேரும் சொன்னார்கள். அந்த ஒன்பது படிவங்களையும் கிழித்துவிட்டு, மறுவாரம் சாயங்காலம் தனியாக நடந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். “அன்னைக்கு உங்க அப்பா நின்னாரு, என்னத்த சொல்றது பாப்பா?” என்றார் ஒரு அக்கா. தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். வேண்டாமென்றால் ஏன் வேண்டாமென்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் எந்தத் தெரு, எந்தச் சாதி, வீட்டுக்கு எவ்வளவு நிலம் என்பதையும் முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.

வயதானவர்களிடம் வருஷம் கேட்காதீர்கள். “வெண்மணிக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் சட்டென்று பதில் வரும். கீழ்வெண்மணி கிராமத்தில், கூலி உயர்வு கேட்ட குடும்பங்களில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த 1968 டிசம்பர் 25 அது. அதைக் கேட்டால் நெடுநேரம் பேசுவார்கள், பேனாவை மூடிவிட்டுக் கேளுங்கள். இளையவர்களுக்கு 2018 கஜா புயல் போதும். நாள் கணக்குக்கு நூறு நாள் வேலை அட்டையையும் வங்கிப் பாஸ்புக்கையும் பார்க்கலாம்.

பெயரை மறைப்பதில்தான் எனக்கு அதிக நாள் போனது. தஞ்சை மாவட்டத்தில் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தான் ஆய்வு செய்த கிராமத்தை ‘ஸ்ரீபுரம்’ என்றார், மானிடவியலாளர் கேத்லீன் கஃப் ‘கும்பபேட்டை’ என்றார். இரண்டும் புனைபெயர்கள். ஆனால் சின்ன ஊரில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ‘மூன்று பெண் பிள்ளைகள், கணவர் திருப்பூரில்’ என்று எழுதினாலே யாரென்று தெரிந்துவிடும். ஒரு அக்கா சொன்னதில் என்னை உலுக்கிய வாக்கியத்தை நீக்கிவிட்டேன். மறுநாளும் அதே வயலுக்குத்தான் அவர் நடவுக்குப் போக வேண்டும்.

எழுதி முடித்ததும் கல்லூரியில் கொடுப்பதற்கு முன்னால் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நான் அட்டவணையைப் படித்தபோது, “களை பறிச்ச நாளையெல்லாம் விட்டுட்டியே” என்றார் திண்ணையோரம் இருந்த ஒரு பாட்டி. ஒவ்வொரு வீடாகப் போய் மறுபடி எண்ணினேன்.