டெசிபல் மீட்டர் பிடிக்கும் முறை: தறிக்குடோன்களில் கற்றது

சத்தத்தை அளக்கும் டெசிபல் மீட்டரைக் கையில் வாங்கியதும் எல்லோரும் முதலில் அதன் முன்னால் கைதட்டிப் பார்ப்பார்கள். எண் சடாரென்று ஏறி, மறுநொடி இறங்கும். "வேலை செய்யுது" என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நானும் அப்படிக் கிளம்பியவன்தான். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் குடோன்களில் (தறி ஓடும் கொட்டகைகளில்) பதினொரு வருடமாக இந்தக் கருவியோடு அலைகிறேன். கைதட்டினால் தெரிவது, உள்ளே பேட்டரி இருக்கிறது என்பது மட்டும்தான்.

கருவி வாங்கும்போது, ஒலி அளக்கும் கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 61672 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அதில் கிளாஸ் 1, கிளாஸ் 2 என்று இரண்டு உண்டு. கிளாஸ் 1 துல்லியம் கூடியது, விலையும் பல மடங்கு. குடோன் வேலைக்கு கிளாஸ் 2 தாராளம். போனில் இறக்கிக்கொள்ளும் ஆப்களை 'இங்கே சத்தம் அதிகமா இல்லையா' என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போனின் மைக் பேச்சுக்காகச் செய்தது. தறிச் சத்தத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று போனுக்குப் போன் மாறும்.

கைதட்டலுக்குப் பதிலாக வேண்டியது, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கும் காலிப்ரேட்டர். உள்ளங்கையில் அடங்கும் உருளை. 1000 ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபல் சத்தம் கொடுக்கும். ஒலியழுத்தக் கணக்கில் அது 1 பாஸ்கல். மைக் மேலுள்ள பஞ்சுத் தொப்பியைக் கழற்றிவிட்டு, மைக்கை உருளைக்குள் நேராக, கடைசி வரை நுழையுங்கள். ரேஞ்ச் (கருவி அளக்கும் எல்லை) 94-ஐ உள்ளடக்கியதாக இருக்கட்டும். எண் நின்றதும், பக்கவாட்டில் உள்ள சின்ன ஓட்டையில் ஸ்குரூ டிரைவரை விட்டு 94.0-க்குக் கொண்டுவாருங்கள். சில மைக்குகளுக்கு 93.8 என்று வைக்கச் சொல்லியிருப்பார்கள். கூட வந்த புத்தகத்தை ஒருமுறையாவது புரட்டுங்கள். வேலை முடிந்து கிளம்பும் முன் திரும்பவும் இதையே செய்ய வேண்டும். முதலில் வைத்ததற்கும் கடைசியில் காட்டுவதற்கும் அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய அளவு முழுவதும் குப்பை. மனசு வராது. ஆனாலும் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு நாள் போங்கள்.

அடுத்தது ஏ, சி என்று போட்ட பொத்தான். எனக்கு மானம் போனது இதில்தான். ஒரு குடோனின் டீசல் ஜெனரேட்டரை, அதன் சத்தத்தை அடக்கும் கூண்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி அளந்து 88 என்று எழுதிக் கொடுத்தேன். 1000 கே.வி.ஏ. திறன் வரைக்குமான ஜெனரேட்டருக்கு அந்த இடத்தில் சட்டம் அனுமதிப்பது 75 டெசிபல் ஏ. குடோன்காரர் கூண்டு செய்தவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட, அவர் வந்து என் கருவியை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது சி-ல நிக்குதுங்க" என்றார். ஏ-க்கு மாற்றினால் 74.

ஒரே சத்தத்துக்கு இரண்டு எண் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம் காது தாழ்ந்த ஒலியை மந்தமாகத்தான் கேட்கும். ஏ என்பது கருவியையும் அப்படியே கேட்க வைக்கும் வடிகட்டி. 100 ஹெர்ட்ஸ் உறுமலில் 19 டெசிபலை அது கழித்துவிடும். சி கிட்டத்தட்ட ஒன்றுமே கழிக்காது. ஜெனரேட்டர், பெரிய ஃபேன் போன்ற உறுமும் சாமான்களில் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் விழும். நூலைச் சுமந்து இங்கும் அங்கும் ஓடும் நாடா அடிபடும் தறியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நம் ஊர் விதிகளில் வரும் வரம்புகள் ஏ-யில்தான் இருக்கின்றன. ஆனால் நான் இப்போது இரண்டையும் குறித்துக்கொள்கிறேன். சி எண் ஏ-யைவிட ரொம்ப மேலே இருந்தால் சன்னலை அடைத்தோ மெல்லிய தகரம் வைத்தோ பயனில்லை, உறுமல் அதைத் தாண்டி வரும் என்று குடோன்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஃபாஸ்ட், ஸ்லோ பொத்தானுக்கு இவ்வளவு கதை இல்லை. ஃபாஸ்ட் என்றால் கருவி 125 மில்லி நொடியில் துள்ளும், ஸ்லோ என்றால் 1 நொடி நிதானம். தறிக்குடோனுக்குள் ஸ்லோ. ஃபாஸ்டில் எண் குதித்துக்கொண்டே இருந்தால் எதை எழுதுவது? மேக்ஸ் ஹோல்டு என்ற பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதோ யாரோ கதவைச் சாத்திய சத்தத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அதையே காட்டும். ரேஞ்ச் தப்பாக இருந்தால் திரையில் ஓவர் அல்லது அண்டர் என்று வரும். அப்போது தெரியும் எண்ணை நம்பாதீர்கள்.

குடோனுக்குள் எங்கே நிற்பது? தறி ஓட்டுபவரின் காது எங்கே இருக்குமோ அங்கேதான் மைக் இருக்க வேண்டும். அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, நிற்பவருக்குத் தரையிலிருந்து 1.55 மீட்டர், உட்கார்ந்து தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல்) சுற்றுபவருக்கு இருக்கையிலிருந்து 80 சென்டிமீட்டர். கருவியை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்காதீர்கள், உடம்பில் பட்டுத் திரும்பும் சத்தமும் சேர்ந்துகொள்ளும். கையை நன்றாக நீட்டுங்கள். டிரைபாட் இருந்தால் அதில் மாட்டிவிட்டுப் பின்னால் தள்ளி நில்லுங்கள். நான் அளந்த பழைய நாடாத் தறிக் குடோன்களில் 95-லிருந்து 100 வரை சாதாரணம். தொழிற்சாலை விதியில் 90 டெசிபல் ஏ என்றால் 8 மணி நேரம், 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம் என்று 5 டெசிபலுக்கு ஒருமுறை நேரம் பாதியாகும். இங்கே ஷிப்ட் 12 மணி நேரம். அதே கணக்கை நீட்டினால் 87-லேயே வரம்பு முடிந்துவிடுகிறது. எங்கள் பக்கம் வீட்டுக்குள் எல்லோரும் உரக்கப் பேசுவதைப் பார்த்து வெளியூர் மாப்பிள்ளைகள் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கம்மா முப்பது வருடம் தறி ஓட்டியவர். அவரைக் கூப்பிட வேண்டுமானால் முன்னால் போய் நிற்க வேண்டும்.

சிக்கலான வேலை குடோனுக்கு வெளியே, பக்கத்து வீட்டுப் புகாரில்தான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் ஏ. வணிகப் பகுதிக்கு 65-ம் 55-ம். வீடும் தறியும் கலந்து கிடக்கும் தெரு எந்த வகை என்பதை அதிகாரிகள்தான் சொல்ல வேண்டும், நாம் முடிவு செய்யக் கூடாது. மைக் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரம், சுவரிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி. சுவரை ஒட்டிப் பிடித்தால் எதிரொலியே சில டெசிபலைக் கூட்டிவிடும்.

அங்கே நீங்கள் அளப்பது தறியை மட்டுமல்ல. மெயின் ரோட்டு லாரி, கோயில் மைக், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கும். அதனால் தறி நின்றிருக்கும்போது ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை அளக்க வேண்டும். குடோன்காரர் நமக்காகத் தறியை நிறுத்துவாரா? மாட்டார். நான் கண்டுபிடித்த வழி கரண்ட் கட். மாதாந்திரப் பராமரிப்புக்கு எந்த நாள் மின்தடை என்று முன்பே அறிவித்துவிடுவார்கள். அன்றைக்குப் போய், ஜெனரேட்டர் எதுவும் ஓடாத நேரமாகப் பார்த்து அளந்துகொண்டால், கரண்ட் வந்ததும் தறிச் சத்தத்தையும் அதே இடத்தில் நின்று அளக்கலாம். இரவுப் புகார் என்றால் இது உதவாது. பகலின் பின்னணி வேறு, இரவின் பின்னணி வேறு. ஷிப்ட் மாறும் பத்து நிமிடத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டுக்கும் வித்தியாசம் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பின்னணியை மறந்துவிடலாம். 3-க்குக் கீழே இருந்தால் தறியின் சத்தம் இவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியே எழுதிக் கொடுங்கள். நடுவில் இருந்தால் கழிக்க வேண்டும், ஆனால் நேராக அல்ல. ஓடும்போது 58, நின்றபோது 53 என்றால் தறியின் பங்கு 5 இல்லை, 56.3. டெசிபல் மடக்கை (லாக்) கணக்கு. 90-ம் 90-ம் சேர்ந்தால் 93 ஆகிற உலகம் இது.

சராசரியும் அப்படித்தான். விதி கேட்பது எல்.இ.க்யூ. என்ற சமான அளவை. அந்தப் பொத்தான் உங்கள் கருவியில் இருந்தால் பத்து நிமிடம் ஓடவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்லோவில் வைத்து, பத்து நொடிக்கு ஒருமுறை திரையில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். பெரிய எண் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, லாரி போகட்டும் என்றும் காத்திருக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் அறுபது எண் கிடைக்கும். எல்லாம் 5 டெசிபலுக்குள் அடங்கினால் சாதாரண சராசரி பரவாயில்லை. அதற்கு மேல் சிதறினால் மடக்கைச் சராசரி. பாதி நேரம் 90, பாதி நேரம் 100 என்றால் விடை 95 அல்ல, 97.4.

காற்றை மறந்துவிடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எங்கள் பக்கம் என்ன பாடுபடுத்தும் என்று தெரியும். மைக் மேல் காற்று மோதினாலே கருவி அதைச் சத்தம் என்று எழுதிவிடும். பஞ்சுத் தொப்பி கொஞ்சம் தாங்கும். நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் வீசினால், அதாவது தென்னை ஓலை விடாமல் ஆடினால், வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ஆனி, ஆடியில் வெளி வேலையை நான் விடியற்காலைக்கு வைத்துக்கொள்வேன்.

எண்ணோடு சேர்த்து நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், நின்ற இடத்தின் படம் (கோணல்மாணலாக இருந்தாலும் சரி, மீட்டர் கணக்கு வேண்டும்), எத்தனை தறியில் எத்தனை ஓடியது, கதவு திறந்திருந்ததா, ஏ-யா சி-யா, ஃபாஸ்டா ஸ்லோவா, காலிப்ரேட்டர் முன்னும் பின்னும் காட்டியது. ஒரு தகராறில் எதிர்த்தரப்பு கேட்ட முதல் கேள்வி "அன்னைக்கு எத்தனை தறி ஓடுச்சுங்க?" என்பதுதான். பதினாறில் பதினொன்று என்று நோட்டில் இருந்தது. பேச்சு அதோடு அடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சுத் தொப்பியைக் கழற்றிப் பாருங்கள், நூல் தூசி அப்பியிருக்கும். லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். மைக்கின் வலையில் தூசி இருந்தால் குடோனில் தறியை ஊதுகிற ஏர் கம்ப்ரசரால் ஊதிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும். மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டால் போதும். அடுத்த வேலைக்கு நாள் இருந்தால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.