வன்னியில் கூட்டாளியின் கல்யாணமா? ஒரு கிழமைக்கு வாருங்கள்

முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது வந்திறங்கி, படம் எடுத்து, சாப்பிட்டுவிட்டு அன்றிரவே கொழும்புக்குத் திரும்புகிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். ஏழு நாள் லீவு போடுங்கள். முன்னுக்கு மூன்று நாள், பின்னுக்கு மூன்று நாள்.

முதலில் வீட்டாரிடம் மூன்று திகதி கேளுங்கள்: பலகாரம் சுடுவது எப்போது, முகூர்த்தம் எப்போது, கல்யாணத்துக்குப் பிறகு நடக்கும் நாலாம் சடங்கு எப்போது. கடைசியைக் கட்டாயம் கேட்க வேண்டும், பெயர்தான் நாலாம் சடங்கு, இப்போது பலர் அடுத்த நாளே முடித்துவிடுகிறார்கள். தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கல் முடிந்த பிறகு தாலி கட்டும் வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஆளை ஆள் பார்ப்பதில்லை, ஆகவே இருவரையும் வானில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் திட்டம் வேண்டாம்.

கொழும்பு கோட்டையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் ரயிலில் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இறங்கலாம், சீட்டை வெள்ளனவே பதிந்துவிடுங்கள். ஆறேழு பேர் என்றால் வான்தான் வசதி. ஏ9 வீதியில் வந்தால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தாமல் யாரும் போவதில்லை, நீங்களும் இறங்கிக் கும்பிட்டு, தேங்காய் உடைத்து, ஆளுக்கொரு பை சுடச்சுடக் கச்சான் (வேர்க்கடலை) வாங்குங்கள். தங்குவதற்கு டவுனில் அறை எடுங்கள். கல்யாண வீட்டில் படுக்கப் பாயே மிஞ்சாது.

பலகாரச் சூட்டுக்குக் கட்டாயம் நில்லுங்கள். வளவுக்குள் கல்லடுப்பு மூட்டி, தாச்சியில் எண்ணெய் கொதிக்க, மாமிமார் சுற்றி இருந்து ஊர்க்கதை முழுவதும் கதைப்பார்கள். பயற்றம் பணியாரத்துக்கு வறுத்த பயற்றம்மாவைத் தேங்காய்ப்பூவோடும் சீனிப்பாகோடும் குழைத்து, தட்டி, துண்டு போட்டு வைத்திருப்பார்கள், அதை அரிசிமாக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் விடுகிற வேலையைக் கேட்டு வாங்குங்கள். கரைசல் தண்ணியாக இருந்தால் துண்டு எண்ணெய்க்குள் உடைந்து பரவிவிடும், கெட்டியாக இருந்தால் தோல் தடிக்கும், இரண்டு மூன்று துண்டு கெட்ட பிறகுதான் கைக்குப் பதம் பிடிபடும். அரியதரம் (அதிரசம்) பழகியவர்களின் கைவேலை, எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து அழுத்தி எண்ணெய் வடிப்பார்கள், அதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த இரவுக்குப் பிறகு நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள், கல்யாணத்தன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை தருவார்கள்.

இடையில் கிடைக்கும் நாளில் மாங்குளத்தால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போய், வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டுவிட்டு, புதுக்குடியிருப்பு வழியாகப் பரந்தனில் ஏ9 வீதிக்கு ஏறுங்கள். வைகாசியில் வந்தால் வற்றாப்பளைப் பொங்கலை விசாரியுங்கள், கடல் தண்ணீரில் விளக்கெரிவதைப் பார்க்கச் சனம் திரளும். வைகாசிக் கடைசியிலும் ஆனியிலும் பாலைப்பழம் வரும், பால் உதட்டில் ஒட்டும், பரவாயில்லை. பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டு. தை மாதம் என்றால் குளம் நிறையத் தண்ணீர் இருக்கும், ஆவணியில் வெயில் கொளுத்தும்.

இரண்டு விஷயத்தில் விளையாட வேண்டாம். இருட்டிய பிறகு காட்டுப் பாதையில் யானை நிற்கும், பொழுதுபட முன் திரும்பிவிடுங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன, சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் அந்தப் பக்கம் ஓரடியும் வைக்காதீர்கள், படம் எடுக்கவென்று பற்றைக்குள் இறங்காதீர்கள். இன்னொன்று, இது ஆட்களை இழந்த சனம் வாழும் மண். போரைப் பற்றி நீங்களாகக் கேள்வி கேட்கத் தொடங்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் பேசாமல் இருந்து கேளுங்கள்.

கல்யாணத்தன்று பெடியள் வேட்டி, பெண்கள் சேலை. அறுகம்புல்லும் அரிசியும் தூவி வாழ்த்தும் அறுகரிசி போடக் கூப்பிட்டால் முன்னுக்கு நிற்கும் மாமி செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். முகூர்த்தச் சாப்பாடு சைவம், வாழையிலையில். ஆட்டிறைச்சிக் கறியும் மற்றதும் நாலாம் சடங்குக்குத்தான், அன்று தாலி கட்டிய பதட்டம் போய் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஆறுதலாக உங்களோடு வந்திருந்து கதைப்பார்கள், முதல் நாளே போனவர்களுக்கு அது கிடைக்காது.

வெளிக்கிடும்போது பலகாரப் பெட்டி தருவார்கள். முறுக்கை மட்டும் தனியாகக் காற்றுப் போகாமல் கட்டித் தரச் சொல்லுங்கள், பயற்றம் பணியாரத்தோடு கிடந்தால் கொழும்பு போய்ச் சேர முன் நமத்துவிடும்.