காரைக்குடிப் பக்கம் ஒரு ஸ்கேட்பார்க் கட்டணும்னா

ஸ்கேட்பார்க்னா ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட் ஓட்டுறதுக்குன்னே சரிவும் மேடுமா கட்டுற விளையாட்டுத் தளம். அதக் கட்டணும்னு எடுத்ததுமே எஞ்சினியரத் தேடிப் போகாதீங்க. சாயங்காலம் உங்க ஊர்ல யார்லாம் போர்டு, ரோலர் ஸ்கேட், சைக்கிள்னு சுத்துறாங்களோ அந்தப் புள்ளைங்களப் பாத்துப் பேசுங்க, இன்னும் போர்டத் தொட்டே பாக்காதவங்ககிட்டயும் பேசுங்க, முக்கியமா பொம்பளப் புள்ளைங்ககிட்ட தனியா கேளுங்க, பெரிய பசங்க சுத்தி நிக்கிறப்ப அவங்க வாயே தொறக்க மாட்டாங்க. மத்தியப் பிரதேசத்துல ஜன்வார்ங்குற கிராமத்துல 2015ல ஒரு ஸ்கேட்பார்க் வந்துச்சு, பள்ளிக்கூடம் போகலன்னா ஸ்கேட்டிங் கிடையாது, பொண்ணுங்களுக்குத்தான் முதல் எடம், இந்த ரெண்டுதான் அங்க விதி. நம்ம ஊருக்கு என்ன விதின்னு கட்டுறதுக்கு முன்னாடியே புள்ளைங்களே பேசி வைக்கட்டும்.

அப்புறம் எடம். ஊருணிக் கரை, கம்மாய், வரத்துக்கால் பக்கமே போகாதீங்க, ஐப்பசி கார்த்திகையில தண்ணி வர்ற வழிய அடைச்சுட்டு கட்டுற எதுவும் ஊருக்கு நல்லதில்ல. ஊருக்கு வெளிய பொட்டல்லயும் வேணாம். பஸ் ஸ்டாப், டீக்கடையில இருந்து பாத்தா தெரியணும், அப்பத்தான் வீட்ல தைரியமா அனுப்புவாங்க. ஊராட்சின்னா கிராம சபையில தீர்மானம் போடுங்க, டவுன்னா வார்டு கவுன்சிலர். நமக்கு நாமே திட்டத்துல மக்கள் ஒரு பங்கு போட்டா மிச்சத்த அரசாங்கம் குடுக்கும், கோயில் திருப்பணிக்குன்னா வெளிநாட்டுல இருந்தெல்லாம் அனுப்புற ஊருங்க இது, தயங்காம கேளுங்க.

இப்பத்தான் டிசைன். பேப்பர்ல வேணாம், வீட்டுக்கு மனை போடுற மாதிரி தரையிலயே கயிறு புடிச்சு சுண்ணாம்புப் பொடியில கோடு போடுங்க, புள்ளைங்கள அதுமேல நடக்க விடுங்க. எத்தன ராம்ப், அதாவது ஏறி இறங்குற சரிவு, இருக்குங்குறதவிட ஒண்ணுல இறங்கி அடுத்ததுக்குப் போற வரைக்கும் வேகம் குறையாம இருக்குமா, ரெண்டு பேர் வர்ற பாதை குறுக்க வெட்டுதாங்குறதுதான் பெருசு, இது ப்ளான்ல தெரியாது, தரையில நடந்தாத் தெரிஞ்சுரும். புதுசா கத்துக்குறவங்களுக்கு ரெண்டு மூணு அடி உயர குவார்ட்டர் பைப்பும் (வளைஞ்சு மேல ஏறுற சரிவு) நல்ல சமதளமும் ஒரு ஓரமா தனியா வேணும். தண்ணியில்லாத நீச்சல் குளம் மாதிரி வளைஞ்ச பள்ளமா இருக்குற ஆழமான பவுல் பாக்க நல்லாருக்கும், ஆனா முதல் பார்க்குக்கு அது வேணாம்ங்குறது என் கருத்து.

தரை ரொம்ப முக்கியம். போர்டோட சக்கரம் அஞ்சு சென்டிமீட்டர் சொச்சம்தான், சின்னக் கல்லு மாட்டுனாலே ஆள் முகம் குப்புற விழுவாங்க. அதனால ரோடு போடுற ஆளுகிட்ட குடுத்துறாதீங்க. ஆத்தங்குடிக் கல்லு பதிக்கலாமேன்னு யாராவது ஆசையா சொல்வாங்க, அது வீட்டு முகப்புக்குத்தான், இங்க வழுக்கும், உடையும். மெஷின்ல தேச்ச வழவழப்பான கான்கிரீட்தான் சரி, தண்ணி ஓட லேசா சரிவு வச்சு, நம்ம வெயிலுக்கு விடிகாலையில ஊத்தி, குறைஞ்சது ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு நனைக்கணும். சுத்தி நாலஞ்சு அடிக்கு பேவர் பிளாக், இல்லேன்னா செம்மண்ணு காலோட உள்ள வந்துரும். மரம் மேற்குப் பக்கம் தள்ளி வைங்க, வேப்பம்பழம் தரையில விழக்கூடாது. உச்சி வெயில்ல யாராலயும் ஓட்ட முடியாது, சாயங்காலத்துக்கு அப்புறந்தான் கூட்டம் வரும், அதனால லைட்டு செலவ மொத எஸ்டிமேட்லயே சேத்துருங்க.

கட்டப்போற ஆளு ஏற்கனவே கட்டுன பார்க் எங்க இருக்குன்னு கேட்டு, டெண்டருக்கு முன்னாடி உங்க புள்ளைங்கள அங்க கூட்டிட்டுப் போய் ஒரு நாள் ஓட்ட விடுங்க, அவங்க சரின்னா மட்டும் கையெழுத்துப் போடுங்க.